பங்குனித் தேரும் 182 நாள் கணக்கும்

கழுகுமலையில் பங்குனி உத்திரத் தேர் பார்க்க வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறவருக்கு, அந்த ஒரு மாதம் பெரும்பாலும் இரண்டு வரி ஆண்டுகளில் விழும். மார்ச் 31 வரை ஊரில் இருந்த நாட்கள் பழைய ஆண்டில், ஏப்ரல் 1 முதல் இருந்தவை புதிய ஆண்டில். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி உண்டா என்பதை இந்த நாள் கணக்குதான் தீர்மானிக்கிறது. ஊருக்கு எவ்வளவு பணம் அனுப்பினார் என்பதல்ல.

வேலைக்காக வெளிநாடு போன இந்தியர் ஓர் ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருந்தால், பொதுவாக அவர் வெளிநாடுவாழ் இந்தியர். அங்கே உழைத்து வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. அதை மனைவிக்கோ தாய்க்கோ அனுப்பினாலும் அவர்களுக்கு வரி இல்லை. தூத்துக்குடிப் பக்கத்துக் கப்பல்காரர்களுக்கும் இதே நியாயம்தான். வெளிநாட்டுக் கப்பலில் சம்பாதித்தது இங்குள்ள என்.ஆர்.இ. வங்கிக் கணக்கில் வரவானது என்பதற்காக மட்டும் வரி போடக் கூடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017-லேயே சுற்றறிக்கை அனுப்பியது.

2020 பட்ஜெட்டில் ஒரு பயம் கிளம்பியது. எந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமக்களை இங்கே வசிப்பவர்களாகவே கருதலாம் என்ற யோசனையைக் கேட்டு வளைகுடாத் தொழிலாளர்கள் பதறினார்கள். மறுநாளே வாரியம், அங்கே உழைத்துச் சம்பாதிப்பதற்கு இங்கே வரி இல்லை என்று விளக்கியது. சட்டமானபோது, வெளிநாட்டு வருமானம் நீங்கலான வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறவர்களுக்கு மட்டுமே அந்த விதி என்று ஆனது. இவர்கள் லீவில் வந்து தங்கும்போது 182 நாள் வரம்பும் 120 ஆகச் சுருங்கக்கூடும். வெல்டருக்கும் டிரைவருக்கும் இதில் கவலை இல்லை.

அவர்கள் ஏமாறுவது வேறு இடத்தில். முதலாவது, கிளம்பும் ஆண்டு. டிசம்பரில் விசா வந்து துபாய் போகிறவர், ஏப்ரலிலிருந்து 182 நாளுக்கு மேல் இங்கேயே இருந்துவிட்டார். அந்த ஆண்டின் துபாய்ச் சம்பளமும் இந்திய வருமானத்தில் சேரும். 2025-26 புதிய வரிமுறையில் இங்கே வசிப்பவருக்கு 12 லட்சம் வரையான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி உண்டு என்பதால் பலருக்குக் கட்ட வேண்டியது எதுவும் இருக்காது. ஆனாலும் வருமானத்தைக் காட்டாமல் விடக் கூடாது.

இரண்டாவது, வங்கி. போனதும் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட வேண்டும். என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு வரி கிடையாது. என்.ஆர்.ஓ. வட்டியிலோ செஸ் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்துவிடுவார்கள். அதோடு விட்டுவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இங்குள்ள வட்டியும் வாடகையும் சேர்ந்து 4 லட்சத்துக்குள் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்த பணத்தைத் திரும்பப் பெறலாம்.

கரிசலில் விளையும் உளுந்துக்கும் பாசிக்கும், உடையவர் எங்கே இருந்தாலும், வருமான வரி இல்லை. வெளிநாடுவாழ் இந்தியர் கோவில்பட்டியில் உள்ள வீட்டுமனையை விற்றால் நிலைமை வேறு. வாங்குகிறவரே வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும்.

இங்கே வரும் வெளிநாட்டவருக்கும் அளவுகோல் நாள்தான், பாஸ்போர்ட்டின் நிறமல்ல. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் வேலைபார்க்கும் கொரியர், இங்கே செய்த வேலைக்கான சம்பளத்துக்குப் பொதுவாக இங்கே வரி கட்டுகிறார்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய வருமான வரிச் சட்டம். 182 நாள் கணக்கு அதிலும் தொடர்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் முடிந்தால் செப்டம்பர் 28-க்குள் விமானம் ஏறுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள முத்திரைத் தேதிகள்தான் உங்களுக்குச் சாட்சி.