ஜோகோவிச்சின் முழங்காலும் உங்கள் முழங்காலும்

ஒவ்வொரு கிராண்ட்ஸ்லாம் டென்னிஸ் போட்டி முடிந்ததும் எங்கள் விளையாட்டுக் காயப் பிரிவில் கூட்டம் கூடிவிடும். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய ஆண்கள். கல்லூரியில் டென்னிஸோ ஷட்டிலோ ஆடியவர்கள், பிறகு இருபது வருடம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர்கள். பக்கத்துத் தெருவில் கோர்ட் ஒன்று திறந்ததும் புது ராக்கெட் வாங்கியிருப்பார்கள். நொண்டியபடி வந்து உட்கார்ந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஏன் டாக்டர், ஜோகோவிச் இந்த வயசுல ஆடலையா?"

கேட்கட்டும், நல்ல கேள்விதான். காயம் பட்டு ஆறு வாரம் கழித்து வந்து கேட்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆறு வாரத்தில் எண்ணெய் நீவியாயிற்று, சுளுக்கு வழித்தாயிற்று, மெடிக்கல் ஷாப்பில் பேர் தெரியாத மாத்திரையைப் பத்து நாள் போட்டாயிற்று, நடுவில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆடியும் ஆயிற்று. கடைசிப் புகலிடம்தான் ஆஸ்பத்திரி.

கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

மூத்தவர் இளையவரை ஜெயிக்க முடியுமா?

முடியும். 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் 37 வயது ஜோகோவிச், 21 வயது அல்கராஸை இரண்டு செட்டையும் டைபிரேக்கில் எடுத்து வென்றார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், பிரெஞ்சு ஓபனில் வலது முழங்கால் ஜவ்வு கிழிந்து, ஜூன் 5 அன்று அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். இதைக் கேட்டதும் என் நோயாளிகளின் முகம் மலர்ந்துவிடும். அடுத்ததையும் கேளுங்கள்.

2025இல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் அவர் அரையிறுதிக்கு வந்தார். நான்கிலும் அங்கேயே நின்றார். முதலாவதில் தொடைத் தசை கிழிந்து பாதியில் விலகினார். மற்ற மூன்றில் இளைய வீரர்களிடம் தோற்றார்: இரண்டு முறை சின்னர், ஒரு முறை அல்கராஸ். ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்கு மூன்று செட். கிராண்ட்ஸ்லாமில் ஐந்து செட், இரண்டு வாரத்தில் ஏழு ஆட்டம். ஒரு நாள் ஆட்டத்தில் அனுபவம் வயதை ஈடுகட்டிவிடும். எதிராளியின் தோள் திரும்புவதை வைத்தே பந்து எங்கே வரும் என்று படித்துவிடுகிற கண்ணுக்கு வயதாவதில்லை. ஆனால் நாலு மணி நேரம் ஆடிய தசை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பழையபடி ஆக வேண்டுமே, அங்கேதான் வயது பிடித்துக்கொள்கிறது. பெரிய வீரர்களிடம் வேகம் கொஞ்சம்தான் குறைகிறது, மீளும் திறன் நிறையவே குறைகிறது.

பழைய கதை ஒன்று உண்டு. 1974இல் ஆஸ்திரேலியாவின் கென் ரோஸ்வால் 39 வயதில் விம்பிள்டன், யு.எஸ். ஓபன் இரண்டிலும் இறுதிப் போட்டிக்கு வந்தார். இரண்டிலும் எதிரே ஜிம்மி கானர்ஸ், ரோஸ்வாலைவிடப் பதினேழு வயது சின்னவர். யு.எஸ். ஓபன் இறுதியில் ரோஸ்வாலுக்குக் கிடைத்தது மொத்தமே இரண்டு கேம்கள். அதே கானர்ஸ் 1991இல் தன் 39ஆவது பிறந்த நாளன்று அதே போட்டியில் ஐந்து செட் ஆடி ஜெயித்து, அரையிறுதி வரை போய் ஜிம் கூரியரிடம் தோற்றார். ஆக, இறுதிக் கட்டம்வரை வரலாம். கோப்பையைத் தூக்குவதுதான் அரிது. என் கணிப்பு அவ்வளவுதான்.

இது பிறந்ததிலிருந்து வேறு எதுவும் செய்யாத உடம்புகளின் கணக்கு. உங்களுடையதும் என்னுடையதும் இதில் சேர்த்தி இல்லை.

"வலியோடு ஆடினாத்தான் வலி போகும்"

இதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். 2025 ஆஸ்திரேலிய ஓபன் காலிறுதியில் ஜோகோவிச்சுக்கு முதல் செட்டிலேயே காலில் பிடித்துக்கொண்டது. மருத்துவ இடைவேளை எடுத்து, மருந்து போட்டுக்கொண்டு அல்கராஸை ஜெயித்தார். உலகமே கைதட்டியது. அடுத்த ஆட்டத்தில் ஸ்வெரெவ்வுக்கு எதிராக ஒரு செட் முடிந்ததும் கைகொடுத்துவிட்டு வெளியேறினார். கிழிந்த தசையின் ஸ்கேன் படத்தை அவரே பிறகு வெளியிட்டார். என் நோயாளிகளுக்குக் காலிறுதி மட்டும்தான் நினைவிருக்கிறது.

நேர்மாறான உதாரணம் ஃபெடரர். 2016இல் மகள்களைக் குளிக்க வைக்கத் தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டிருந்தபோது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அறுவை முடிந்து சீக்கிரமே திரும்பினார், சரிவரவில்லை. விம்பிள்டனுக்குப் பிறகு அந்த ஆண்டையே விட்டுவிட்டு ஆறு மாதம் ஒதுங்கி இருந்தார். 2017 ஜனவரியில், 35 வயதில், நடாலை ஐந்து செட்டில் ஜெயித்து ஆஸ்திரேலிய ஓபனை எடுத்தார். ஆறு மாதம்! நான் ஆறு வாரம் என்று சொன்னால், "இந்த வாரம் கம்பெனி டோர்னமென்ட் இருக்கு டாக்டர்" என்கிறார்கள்.

சுளுக்கு வழிப்பதும் எண்ணெய் நீவுவதும்

குதிகால் தசைநாண் அறுந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. சிலருக்கு டப் என்று சத்தம்கூடக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் வலி குறைந்துவிடும், நொண்டி நொண்டி நடக்கவும் முடியும். நடக்க முடிகிறதே, அப்புறம் என்ன, சுளுக்குதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்கிருந்து நேரே சுளுக்கு வழிப்பவர் வீடு.

இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. முதல் சில நாட்களில் வந்தால் பல பேருக்கு அறுவையே வேண்டாம். பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுப் போட்டோ, அதற்கென்று உள்ள பூட்ஸை மாட்டியோ ஆற வைக்கலாம். ஆறு வாரம் வழித்துவிட்டு வந்தால் அறுந்த முனைகள் விலகிச் சுருங்கிப் போயிருக்கும். நேராகத் தைக்க எட்டாது. காலின் இன்னொரு தசைநாணை எடுத்து இங்கே ஒட்ட வேண்டிவரும். அறுவை பெரிதாகிறது, செலவு பெரிதாகிறது, பழைய பலம் முழுசாகத் திரும்பும் என்று என்னால் வாக்கும் கொடுக்க முடியாது.

அடிபட்ட அன்றே வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், வீக்கம்தான் ஏறும். முதல் இரண்டு நாள் ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். வீங்கிச் சூடான கெண்டைக்காலை யாரையும் நீவவே விடாதீர்கள். தசைப்பிடிப்பு என்று நீங்கள் நினைப்பது உள்ளே உறைந்த இரத்தக்கட்டியாக இருந்தால், அது நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடும். செரினா வில்லியம்ஸுக்கு 2011இல் நுரையீரலில் இரத்தக்கட்டி வந்தது. 2017இல் பிரசவத்துக்கு மறுநாள் மூச்சுத் திணறியபோது, ஸ்கேன் எடுங்கள் என்று அவரே வற்புறுத்தினார். எடுத்துப் பார்த்தால் கட்டிகள். தன் உடம்பு சொன்னதை அவர் கேட்டார். 36, 37 வயதில் மீண்டும் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டிகள் ஆடவும் முடிந்தது, ஒன்றிலும் ஜெயிக்கவில்லை என்றாலும்.

மாத்திரை போட்டுக்கொண்டு கோர்ட்டில் இறங்குவது

வலி வந்த பிறகு மாத்திரை போடுவது ஒரு தப்பு என்றால், வலி வரக் கூடாதே என்று ஆடுவதற்கு முன்பே போட்டுக்கொள்வது அதைவிடப் பெரிய தப்பு. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றில் புண் உண்டாக்கும். வேர்த்துக் கொட்டி உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்தை அடித்துப்போடும். பிரஷர், சுகர் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இதெல்லாம் மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. கடையில் இரண்டு மாத்திரையாக வெட்டி வாங்குகிறவருக்கு அந்தத் தாள் எங்கே கிடைக்கும்?

"நடால் ஊசி போட்டுக்கிட்டு ஆடினாரே!" ஆடினார். 2022 பிரெஞ்சு ஓபனில், 36 வயதில், பாதத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசிகளோடு ஆடி, பதினான்காவது முறையாகக் கோப்பையை வென்றார். கூடவே அவருடைய டாக்டர் இருந்தார். வென்ற கையோடு, இப்படியே தொடர முடியாது, தொடரவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு நரம்பு சிகிச்சைக்குப் போனார். அந்தப் பாதி யாருக்கும் தெரிவதில்லை.

ஸ்டீராய்டு ஊசியைக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. டென்னிஸ் எல்போவுக்கு அந்த ஊசி சில வாரம் சுகம் தரும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களைவிடப் போடாமல் பொறுத்தவர்கள்தான் நன்றாக இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. குதிகால் தசைநாணுக்குள் போட்டால் அது அறுந்தேவிடலாம்.

யாரும் எதிர்பார்க்காத குற்றவாளி ஒன்று இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கும் நீர்க்கடுப்புக்கும் கடையில் தாமாகவே வாங்கிப் போடுகிறார்களே, சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், அந்த வகை ஆன்டிபயாடிக் தசைநாணைப் பலவீனப்படுத்தும். 2008இலேயே அமெரிக்காவில் அதன் மேல் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தார்கள். அறுபது தாண்டியவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது தேவைப்படுகிற நோய்களும் உண்டு, டாக்டர் எழுதினால் போடுங்கள். போட்டுக்கொண்டு துள்ளி ஆடாதீர்கள்.

கோதுமையை விட்டால் ஜோகோவிச் ஆகிவிடலாமா?

கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று 2010 வாக்கில் அவர் நிறுத்தினார், அடுத்த ஆண்டு நான்கு கிராண்ட்ஸ்லாம்களில் மூன்றை ஜெயித்தார். அதனால் சப்பாத்தியை நிறுத்திவிட்டு வருகிறார்கள். ரொட்டித் துண்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மற்ற கையின் பலம் குறைகிறதா என்று பார்த்துத்தான் முதலில் சந்தேகம் வந்தது என்று அவரே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். மருத்துவத்தில் அதற்குப் பரிசோதனை என்று பெயரில்லை. குளூட்டனைத் தாங்காத சீலியாக் நோய் இருந்தால் கோதுமையை விடுங்கள். இல்லையென்றால் இட்லி, முட்டை, பருப்பு, மீன் என்று ஒழுங்காகச் சாப்பிட்டாலே போதும். கொலாஜன் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து என்னிடம் காட்டி ஒப்புதல் வாங்கப் பார்க்காதீர்கள்.

ஆபரேஷன் என்றாலே ஓட்டம்

இந்த விஷயத்தில் சாம்பியனும் நம்மைப் போலத்தான். முழங்கை வலியை ரொம்ப நாள் தூக்கிக்கொண்டு திரிந்தார் ஜோகோவிச். 2017 விம்பிள்டன் காலிறுதியில் பாதியில் விலகி, அந்த ஆண்டின் மீதியை விட்டார். அறுவை வேண்டாம், இயற்கையாக ஆற வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஆறவில்லை. 2018 தொடக்கத்தில் அறுவை செய்துகொண்டு, தன்னையே தோற்கடித்துக்கொண்டது போல நாள்கணக்கில் அழுததாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஜூலையில் விம்பிள்டன் அவர் கையில்.

ஆண்டி மர்ரேக்கு 2019 ஜனவரியில் இடுப்பு மூட்டில் உலோகம் வைத்தார்கள். அக்டோபரில் ஆன்ட்வெர்ப் கோப்பையை வென்றார். ஆனால் அதன் பிறகு எந்த கிராண்ட்ஸ்லாமிலும் மூன்றாம் சுற்றைத் தாண்டவில்லை. அறுவை மந்திரமில்லை, மரண தண்டனையும் இல்லை. எல்லாக் கிழிசலுக்கும் கத்தி வேண்டியதுமில்லை. வயதால் தேய்ந்த ஜவ்வுக்குப் பெரும்பாலும் பயிற்சிதான் முதல் வைத்தியம்.

பரிசோதனை

என்னிடம் வந்தால் செய்வது இவ்வளவுதான்: கையால் தொட்டுப் பார்ப்பது, தேவைப்பட்டால் எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ., எல்லோருக்கும் சுகர் டெஸ்ட்.

கெஞ்சித்தான் கேட்கிறேன்

சுகரை எதற்குக் கேட்கிறேன் என்றால், பல வருடச் சர்க்கரை தசைநாண்களை விறைக்க வைத்துவிடும். தோள்பட்டை இறுகி வருகிறவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருப்பதே என் அறையில்தான் தெரிகிறது!

ஆடி உடம்பைத் தேற்ற நினைக்காதீர்கள் ஐயா, தேற்றிக்கொண்டு ஆட வாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் கால்களுக்குப் பலம் தரும் பயிற்சி. படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி மெதுவாக இறக்குவதற்கு ஜிம் கட்டணம்கூட வேண்டாம். இறங்கியதுமே ஸ்மாஷ் அடிக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். நடைப்பயிற்சி ஷூவோடு பக்கவாட்டில் ஓடாதீர்கள். வாரம் முழுக்க உட்கார்ந்துவிட்டு ஞாயிறு மூன்று மணி நேரம் ஆடுவதற்குப் பதில், இரண்டு நாள் ஒரு மணி நேரம் ஆடலாமே. இரட்டையர் ஆட்டம் ஆடலாமே. ரோஹன் போபண்ணா 2024இல் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டத்தை வென்றபோது வயது 43. மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்துபோய், தினமும் வலி மாத்திரையோடு ஓடியவர். அவரைத் தூக்கி நிறுத்தியது ஐயங்கார் யோகா என்று அவரே சொல்லியிருக்கிறார். மாத்திரையை விட்ட பிறகு வந்த பட்டம் அது.

பெண்கள் இன்னும் தாமதமாக வருகிறார்கள். "வீட்டு வேலை செஞ்சா சரியாயிடும்னு நெனச்சேன்" என்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் தசைநாணும் மாறிவிடுகின்றன அம்மா, தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, முட்டியைவிட எனக்குப் பயம் தருவது நெஞ்சு. நாற்பது தாண்டி, சிகரெட்டோ சுகரோ பிரஷரோ இருந்து, அல்லது அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்து, புதிதாக ஆடத் தொடங்கும் யாரும் முதலில் இதய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஆடும்போது நெஞ்சு கனத்தால், இடது கையோ தாடையோ இழுத்தால், என்றைக்கும் இல்லாமல் மூச்சு வாங்கினால், அதை வாயு என்று நினைத்துச் சோடா குடிக்காதீர்கள். பாயின்ட் பாதியில் இருந்தாலும் உட்கார்ந்து, 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.