அடுக்களையில் மின்சாரம்: பழைய சாதனங்களும் பாதுகாப்பும்



விறகடுப்பின் புகையில் கண் கலங்கச் சமைத்த காலம் நம் தோட்டத்தில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. இன்று லயன் வீடுகளிலும் சோறு பொங்கும் மின்குக்கரும் வெந்நீர்க் கேத்தலும் இடம்பெற்றுள்ளன. 1998ஆம் ஆண்டில் இரண்டாம் இணைப்புப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், நம் பெற்றோருள் சிலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் சென்று வருகின்றனர். அவர்கள் வீடு திரும்புகையில், பிறர் பயன்படுத்திக் கழித்த சாமான்களும் சில வேளைகளில் உடன் வருவதுண்டு. அவற்றை நாம் குறைகூறவில்லை. ஆனால், பழைய மின்சாதனத்தை வீட்டிற்குள் ஏற்றுமுன் சோதித்தறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில மாதங்களுக்கு முன் மாணவி ஒருத்தியின் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தோம். அவளுடைய தாயார், "குக்கரைத் தொட்டால் சுருக்கென்கிறது, ஐயா. செருப்பைப் போட்டுக்கொண்டு தொட்டால் ஒன்றும் செய்வதில்லை" என்று சிரித்தவாறே கூறினார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே மின்விசையை அணைத்து, குக்கரின் பிளக்கைக் கழற்றச் செய்தோம். அதன் மூன்று கால் பிளக்கை யாரோ வெட்டியெறிந்துவிட்டு, இரண்டு கால் பிளக்கைப் பொருத்தியிருந்தனர். பச்சைக் கம்பி எதனோடும் இணையாமல் மடித்துவிடப்பட்டிருந்தது. அந்த வீட்டில் மூன்று சிறு குழந்தைகள் ஈரத் தரையில் வெறுங்காலோடு நடமாடிக்கொண்டிருந்தனர்.

அந்தப் பச்சைக் கம்பியின் பணி யாது? குக்கரின் அடியில் சூடேறும் கம்பிச்சுருள் உலோகக் குழாய்க்குள் இருக்கிறது. சுருளுக்கும் குழாய்க்கும் நடுவே மின்சாரத்தைக் கடத்தாத தூள் நிரப்பப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாயில் வெடிப்பு உண்டாகி, கஞ்சி நீரும் ஈரமும் உட்புகுந்தால், மின்சாரம் குக்கரின் உடற்பகுதிக்குக் கசியத் தொடங்கும். நிலக்கம்பி எனப்படும் பச்சைக் கம்பி, அவ்வாறு கசியும் மின்சாரத்தை நேரே பூமிக்குக் கொண்டு செல்கிறது. அக்கம்பி இல்லையெனில், குக்கரைத் தொடும் மனித உடலே பூமிக்கு வழியாகிவிடும்! செருப்பு அவ்வழியைத் தற்காலிகமாக மறித்ததே தவிர, குற்றத்தை நீக்கவில்லை.

ஆயிரத்தில் ஒரு பங்கு ஆம்பியர் உடலில் பாய்ந்தாலே கூச்சம் தெரியும். அதைப்போல் பத்து மடங்குக்கு மேற்பட்டால் தசைகள் இறுகி, பிடித்த கையை விட முடியாமற் போகலாம். மேலும் கூடினால் மூச்சும் இதயமும் நின்றுவிடக்கூடும். ஆகவே 'சுருக்' என்பது சிறு தொல்லையன்று. அஃது ஓர் எச்சரிக்கை.

சிங்கப்பூர் அரசு இதனை நன்குணர்ந்துள்ளது. ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு மின்துண்டிப்பான், 1985ஆம் ஆண்டு ஜூலை முதல் அங்குப் புதிய வீடுகளில் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஜூலை 1 முதல் பழைய வீடுகளுக்கும் அவ்விதி விரிவாக்கப்பட்டு, அதனைப் பொருத்திக்கொள்ள ஈராண்டு அவகாசம் தரப்பட்டது. இக்கருவி, வீட்டிற்குள் செல்லும் மின்சாரத்தையும் திரும்பி வரும் மின்சாரத்தையும் ஒப்பிட்டவண்ணம் இருக்கும். ஏறத்தாழ 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், எங்கோ கசிகிறதென உணர்ந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். எனினும், இரு மின்கம்பிகளையும் ஒருசேரத் தொடுபவரை இதுவும் காப்பாற்ற இயலாது.

மற்றொரு கேடு, ஒரே பிளக் துளையில் பல சாதனங்களை மாட்டுவது. துவாஸில் தங்கும் விடுதியிலோ வாடகை அறையிலோ வாழ்வோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். மாணவர்களே, ஒரு கணக்கு! மின்னழுத்தம் 230 வோல்ட். மூன்று கால் பிளக் தாங்கக்கூடியது 13 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 2,990 வாட் ஆகும். 2,000 வாட் கேத்தலையும், 700 வாட் குக்கரையும், 2,000 வாட் மின்னடுப்பையும் ஒரே நீட்டுக்கம்பியில் சேர்த்தால் எவ்வளவு? 4,700 வாட்! கம்பி சூடேறி, உறை உருகி, தீப்பற்றக் காரணம் இதுவே.

எனவே, பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்போமாக:

1. வாங்கிய பழைய சாதனத்தின் கம்பி, பிளக், உடற்பகுதி ஆகியவற்றை முதலில் நன்கு பார்க்க வேண்டும். கம்பியின் உறை வெடித்திருந்தாலும், பிளக் பழுப்பேறி இருந்தாலும், கருகிய நாற்றம் வீசினாலும் பயன்படுத்தலாகாது.

2. மூன்று கால் பிளக்கை வெட்டி இரண்டு காலாக்கக் கூடாது. நீளமான நடுக்கால்தான் நிலக்கம்பியோடு இணைவது.

3. பிளக்கினுள் உள்ள பியூஸ் போனால், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுதல் பெருங்குற்றம். உரிய அளவுள்ள பியூஸையே இட வேண்டும்.

4. பழைய கம்பிகளில் சிவப்பு மின்வழி, கறுப்பு திரும்புவழி, பச்சை நிலவழி. புதியவற்றில் பழுப்பு மின்வழி, நீலம் திரும்புவழி, பச்சை மஞ்சள் நிலவழி. இவற்றை மாற்றிப் பொருத்தினால் ஆபத்து. பழுதை உரிமம் பெற்ற மின்வினைஞரிடமே ஒப்படைக்க வேண்டும்.

5. கசிவு மின்துண்டிப்பான் உள்ள வீட்டில், அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

6. ஒருவரை மின்சாரம் தாக்கினால், அவரைத் தொடாதீர்! முதலில் மின்விசையை அணையுங்கள். இயலாவிடில் உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். பின்பு உதவிக்கு அழையுங்கள்: நம் நாட்டில் 999, சிங்கப்பூரில் 995. மின்சாதனத்தில் பற்றிய தீயில் நீரை ஊற்றலாகாது.

மேற்சொன்ன வீட்டுக் குக்கரின் உறவு அன்றோடு முடிந்தது. அடுத்த சம்பளத்தில் அத்தந்தையார் புதியதொன்றை வாங்கினார். "பழையதை இலவசமாகத்தான் பெற்றேன், ஐயா" என்று அவர் நம்மிடம் கூறினார். இலவசமாக வந்த பொருளுக்கு வீட்டில் ஓர் உயிரை விலையாகக் கொடுக்க நேராதிருந்ததே நாம் அடைந்த பெரும் இலாபம். இன்று மாலை வீடு திரும்பியதும், மாணவர்களே, உங்கள் அடுக்களைப் பிளக்குகளை எண்ணிப் பாருங்கள்; அவற்றைத் தொடாமல், கண்ணால் மட்டும் பாருங்கள். பழுது கண்டால் பெற்றோரிடம் கூறுங்கள். ஒரு குடும்பத்தையே காத்த புண்ணியம் உங்களைச் சேரும்.