ஏணை கட்டாத வீடு

தாலாட்டைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். தாலாட்டுக்கு முந்திய நாட்களைப் பற்றி இன்று பேசலாம் என எண்ணுகிறேன். கல்முனைக்குடியில் எங்கள் வீட்டில் இப்போது நடப்பதும் அதுதான். என் மனைவிக்கு ஒன்பதாம் மாதம்.

எங்கள் வீடு என்றேன். உண்மையில் அது மனைவியின் வீடு. மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள எமது கரையோர முஸ்லிம் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்துவைப்பதே வழக்கம். மாப்பிள்ளை அங்கே குடிபோவார். பிள்ளை தாயின் குடியைச் சேரும். பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர் இருந்த பழைய ஒழுங்கும் இந்தத் தாய்வழியிலேயே அமைந்தது. ஆகவே வரப்போகும் பிள்ளை இவ்வீட்டுக்கு உரித்தாளி; நான் வந்து சேர்ந்தவன். "பெண்பிள்ளை என்றால் இப்போதே கல் பறிக்கத் தொடங்கு" என்று கூட்டாளிமார் பகிடி பண்ணுகிறார்கள். அதில் பாதி பகிடியல்ல.

தாலாட்டிலும் இந்த ஒழுங்கு கேட்கிறது. நான் சிறுவயதில் கேட்டவற்றில், அல்லாஹ்வையும் நபியையும் போற்றிய பின் பாட்டு நேரே தாய்மாமனிடம் போய்விடும். காப்பும் சட்டையும் கொண்டுவருபவர் அவர்தான். வாப்பா வட்டையில் நிற்பார், அல்லது கடலில் நிற்பார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தொகுத்திராவிட்டால் இம்மண்ணின் கிராமியப் பாடல்களில் எத்தனையோ மூத்தம்மாமாரோடு மறைந்திருக்கும்.

ஆனால், பிள்ளை பிறக்குமுன் பாட்டில்லை. ஏன்?

சென்ற வெள்ளிக்கிழமை மாமி பெட்டகத்தைத் திறந்து பழைய நூல் சேலையொன்றை எடுத்துத் துவைத்தார். எத்தனையோ முறை துவைத்து மெதுமையாகிப்போன சேலை. ஏணைக்குத்தான் என்று விளங்கியது. வளையில் கயிறு போட நான் ஏணியை எடுத்துவந்தேன். மாமி தடுத்தார்.

"வேணாம் மனே. புள்ள கைக்கு வராம ஏண கட்டப்படாது."

வீண் நம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தேன். சேலையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "மூத்த புள்ளைக்கி முந்திக் கட்டின சேலதான் இது. ஒரு நாளும் அவன் இதுல படுக்கல்ல."

1974இல் பிறந்தவன். வீட்டிலேயே பிரசவம். பிறந்து அழவேயில்லை. என் மனைவிக்குக்கூட இது முழுதாகத் தெரியாது.

அந்த அச்சம் ஒரு வீட்டோடு நிற்பதல்ல. 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1926இல் களுத்துறையில் ஆரம்பித்த சுகாதாரப் பிரிவு முறை மெல்ல நாடெங்கும் பரவி, மருத்துவமாதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இன்று அந்த எண்ணிக்கை ஐம்பதுக்கும் கீழே. ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன. எங்கள் பிரதேசத்து மருத்துவமாது மாதந்தோறும் நிறையும் இரத்த அழுத்தமும் பார்த்து அட்டையில் எழுதுகிறார். திரிபோஷா மாவும் இரும்புச்சத்துக் குளிசையும் தருகிறார். இம்முறை இரத்தம் கொஞ்சம் குறைவு என்று எழுதியிருக்கிறார். அன்றிலிருந்து மாமி முருங்கை இலையும் பொன்னாங்காணியும் மாறிமாறிச் சமைக்கிறார். மனைவி முகம் சுளிக்கிறாள். ஆனாலும் மிச்சம் வைப்பதில்லை.

மருத்துவமாதின் அட்டை ஒரு கணக்கு. பெட்டகத்துச் சேலை இன்னொரு கணக்கு. முதலாவது எழுதப்படுகிறது, இரண்டாவது எழுதப்படுவதில்லை, பாடப்படுவதுமில்லை. பிறந்ததும் காதில் பாங்கு சொல்லப்படும். ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைக்கப்படும். அதன்பின்தான் மாமாவின் காப்பும் சட்டையும் பாட்டுக்குள் வரும். எமது தாலாட்டுகளில் அவ்வளவு பொன்னும் பட்டும் கொட்டிக் கிடப்பது வெறும் ஆசையால் அல்ல என்றே இப்போது நினைக்கிறேன். பத்து மாதம் அடக்கிவைத்த பேச்சு அது.

சேலை காய்ந்து, மடிக்கப்பட்டு, பெட்டகத்தின் மேல் இருக்கிறது. அதன் பக்கத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் பை. ஏணியை நான் இன்னும் கொல்லைக்குக் கொண்டுபோகவில்லை. மாமியும் கொண்டுபோகச் சொல்லவில்லை.