நாடாளுமன்றத்துக்கும் லீவு உண்டா?

“அப்பா, நாடாளுமன்றத்துக்கும் லீவு விடுவாங்களா?” என்று என் மகள் கேட்டாள்.

விடுவாங்க! ஆனால் எல்லா லீவும் ஒன்று இல்லை. இன்றைக்குப் போதும், நாளைக்குப் பேசலாம் என்று நிறுத்தினால் அது ‘ஒத்திவைப்பு’. தேர்தலுக்காக உறுப்பினர்களை வீட்டுக்கு அனுப்பினால் அது ‘கலைப்பு’. நடுவில் இன்னொன்று இருக்கிறது: ‘கூட்டத்தொடரை முடித்து வைத்தல்’. ஆங்கிலத்தில் ‘ப்ரோரோகேஷன்’. வாயில் நுழைய எனக்கே நாள் ஆனது!

நான் கணினி வேலை பார்க்கிறவன். அதனால் இப்படிச் சொல்கிறேன். ஒத்திவைப்பு என்பது லேப்டாப்பை மூடி வைப்பது. திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முடித்து வைத்தல் என்பது ஷட் டவுன். சேவ் பண்ணாதது போய்விடும். பிரிட்டனில் பாதியில் நிற்கும் மசோதாக்களும் (சட்டமாக வேண்டிய வரைவுகள்) பெரும்பாலும் அப்படித்தான் போய்விடும்.

இந்தச் சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அதில் ‘ரோகாரே’ என்றால் கேட்பது. பழைய ரோமில் பெரிய பதவிகள் ஒரு வருடம்தான். கி.மு. 326-இல் பப்லீலியஸ் ஃபிலோ என்ற தலைவர் ஒரு நகரை முற்றுகையிட்டிருந்தார். வேலை முடியவில்லை, பதவிக்காலம் முடியப்போகிறது! அதனால் மக்களிடம் கேட்டு, அவருடைய அதிகாரத்தை நீட்டினார்கள். நீட்டுவதற்கு வந்த சொல், பிறகு தள்ளிப்போடுவதற்கும் வந்தது. கடைசியில் நாடாளுமன்றத்தை மூடுவதற்கே வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் இதற்கு உறுப்பினர்களிடம் யாரும் ஓட்டு கேட்பதில்லை. பிரதமர் சொல்வார், அரசரோ அரசியோ ஆணையிடுவார்.

2019-இல் பிரதமர் போரிஸ் ஜான்சன் ஐந்து வாரம் மூடச் சொன்னார். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் நாள் நெருங்கிய நேரம் அது. “நாங்கள் கேள்வி கேட்க வேண்டிய நேரத்தில் மூடுவதா?” என்று பலர் கோபப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. செப்டம்பர் 24 அன்று, 11 நீதிபதிகளும் ஒரே முடிவைச் சொன்னார்கள்: சரியான காரணம் இல்லாமல் நாடாளுமன்றத்தின் வேலையைத் தடுக்க முடியாது, அந்த ஆணை செல்லாது.

மறுநாளே உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவைக் குறிப்பில் இருந்த ‘ப்ரோரோகேஷன்’ பதிவை நீக்கிவிட்டு, என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘ஒத்திவைப்பு’ என்று.