தாழக் கட்டிய தூளி

'பட்டாளத்துக்காரர் சம்சாரம்' என்றால் நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு தனி மதிப்பு உண்டு. மணியார்டரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் போய்விட்டது. சம்பளம் இப்போது பாங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. அந்தச் சம்சாரம் போடுகிற கணக்கு வேறு. ராணுவச் சிப்பாய்க்கு வருஷத்தில் 60 நாள் ஆண்டு விடுமுறை. 30 நாள் தற்செயல் விடுமுறை. அத்தனையும் கிடைத்தாலும் பாக்கி 275 நாள்! குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாத எல்லைப்புறத்தில் அவர் இருந்துவிட்டால், 275 நாளும் இவளே தாய், இவளே தகப்பன்.

அந்தப் பெண்ணுக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் கடைசியாக அந்த நோய் கண்டது 2011 ஜனவரியில். 2014-ல் நோயற்ற நாடு என்று நமக்குச் சான்றிதழும் கிடைத்துவிட்டது. அதற்கு முன் தாக்கப்பட்டவர்கள் இன்று பிள்ளை பெற்ற தாய்மார்களாக நம்மிடையே இருக்கிறார்களே! வீடு எங்கே? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில், எம்.ரெட்டியபட்டி மாதிரி ஓர் ஊரில்.

பச்சைக் குழந்தையை நம் வீடுகளில் எப்படிக் குளிப்பாட்டுகிறோம்? இரண்டு காலையும் நீட்டி, அவற்றின்மேல் குழந்தையைப் போட்டு. காலில் இரும்புச் சட்டம் மாட்டியவள் அதற்கு என்ன செய்வாள்? இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்றால் ஒரு கையில் ஊன்றுகோல் இருக்கிறது. தவழும் பிள்ளை வாசற்படி தாண்டினால் ஓடிப்போய்ப் பிடிக்கவும் முடியாது.

வழி இல்லாமல் இல்லை. தூளியை உத்தரத்திலிருந்து நன்றாகத் தாழக் கட்டிவிட்டால், தரையில் உட்கார்ந்தபடியே பிள்ளையை எடுக்கலாம், போடலாம். அகலமான தாம்பாளத்தில் ஈரத் துணி விரித்து, அதன்மேல் குளிப்பாட்டலாம். முந்தானையை ஏணையாக முடிந்து மார்போடு கட்டிக்கொண்டால் இரண்டு கையும் ஓய்வாகும். காலில் மணிக் கொலுசு போட்டால், பிள்ளை எந்த மூலையில் இருக்கிறது என்று காது சொல்லிவிடும். குழந்தைகளும் கெட்டிக்காரர்கள்! தூக்க முடியாத அம்மாவின் மடியில் தாமே ஏறப் பழகிவிடுகின்றன.

வீட்டுக்குள் கஷ்டம் இவ்வளவுதான். வெளியே இருக்கிறது பெரிய கஷ்டம். "உனக்கு எதுக்கம்மா இந்தச் சிரமம்? பிள்ளையைப் பாட்டி வீட்டிலே விட்டுடு" என்பார்கள். பரிவோடுதான் சொல்வார்கள். ஆனால் பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கிற பரிவு அது!

இதே பேச்சைக் கேட்க நேரக்கூடிய நிலையில் இருந்தவர்தான் ஸ்ரீமதி தீபா மாலிக். ராணுவ அதிகாரியின் மகள். ராணுவ அதிகாரி விக்ரம் சிங் மாலிக்கின் மனைவி. இரண்டு பெண்கள். மூத்தவள் தேவிகா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு விபத்தில் தலையில் அடிபட்டு, உடலில் ஒரு பக்கம் செயலிழந்தது. அவளைப் பயிற்சியால் தேற்றிக்கொண்டு வந்த தாய்க்கே 1999-ல் முதுகுத் தண்டில் கட்டி. கார்கில் யுத்தம் நடந்த வருஷம் அது; கணவர் போர்முனையில். அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வயது முப்பதுகூட நிறையவில்லை.

அந்த அம்மாள் பெண்களை யாரிடமும் ஒப்படைத்துவிடவில்லை. சக்கர நாற்காலியிலிருந்தே குடித்தனம் செய்தார், அப்போது அகமத்நகர் என்று பெயர் வழங்கிய ஊரில் உணவு விடுதி நடத்தினார், நீச்சலில் இறங்கினார். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் உட்கார்ந்தபடி இரும்புக் குண்டை 4.61 மீட்டர் தூரம் எறிந்து வெள்ளிப் பதக்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. தாயும் மூத்த மகளும் சேர்ந்து ஊனமுற்றோருக்காக ஒரு தொண்டு நிறுவனமும் தொடங்கினார்கள்.

"அதிகாரி வீட்டு அம்மாளுக்கு எல்லாம் நடக்கும்" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயந்தான். ராணுவ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பதும், உயரப் படிக்கட்டுள்ள பஸ்ஸில் ஊன்றுகோலோடும் பிள்ளையோடும் ஏறி அருப்புக்கோட்டை போவதும் ஒன்றல்ல. பதக்கத்தைவிட இவளுக்குப் பயன்படுவது காகிதங்கள்தாம்.

2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அதன் 24-ஆம் பிரிவு, ஊனமுற்ற பெண்களின் பிழைப்புக்கும் அவர்கள் தங்கள் குழந்தைகளை வளர்ப்பதற்கும் உதவ வேண்டும் என்று சர்க்காருக்கே சொல்கிறது. பிறர் பெறும் இதேபோன்ற உதவித் தொகையைவிட இவர்களுக்கு நூற்றுக்கு 25 பங்காவது கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறவர்களிடம் இதைக் காட்டலாம்!

சட்டம் தானாக வீடு தேடி வராது. முதலில் ஊனத்துக்கான தேசிய அடையாள அட்டை வேண்டும். விருதுநகரில் மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் அங்கேதான். கல்யாணமும் பிள்ளைப் பேறும் கணவரின் படைப்பிரிவுப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் ராணுவ ஆஸ்பத்திரி வைத்தியத்திலிருந்து பின்னால் குடும்பப் பென்ஷன் வரை எல்லாவற்றிலும் இழுபறி. இந்தப் பதிவைக் கணவர்தான் செய்ய முடியும்.

ஆகவே, விடுமுறையில் ஊர் வந்திருக்கும் சிப்பாய்த் தம்பி யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். முதல் வாரத்திலேயே அவளைக் கூட்டிக்கொண்டு விருதுநகர் போய்விட்டு வாருங்கள். கொத்தனாரைக் கூப்பிட்டுக் குளியலறைச் சுவரில் ஒரு இரும்புக் கைப்பிடி பதிக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. எந்த உயரத்தில் பதிப்பது என்று மட்டும் கொத்தனாரைக் கேட்காதீர்கள், அவளைக் கேளுங்கள்.