நீர் எந்தக் கட்சி?

ஸ்ரீரங்கத்தில் கட்சி இல்லாத மனிதரைக் காண்பது அரிது. அரசியலைச் சொல்லவில்லை. காப்பியில் சிக்கரி சேர்க்கலாமா கூடாதா என்பதில் தொடங்கி, மலைக்கோட்டைக்குப் போவதற்கு எந்த பஸ் சௌகரியம் என்பது வரையில் சகல விஷயங்களிலும் இங்கே இரண்டு கட்சிகள் உண்டு. அப்படியிருக்க, வருஷந்தோறும் கோடைகாலத்தில் ஐ.பி.எல். கிரிக்கெட் பந்தயம் வந்துவிட்டால் ஊர் என்ன பாடு படும் என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

பத்து கோஷ்டிகள் ஆடுகின்றன. அவற்றில் நான்குதான் கடைசிச் சுற்றுக்குப் போகும். 2011-ம் வருஷத்திலிருந்து இதற்கு ஒரு விசித்திரமான ஏற்பாடு இருக்கிறது. முதல் இரண்டு இடம் பெற்றவர்கள் மோதி, ஜயித்தவர் நேரே இறுதி ஆட்டத்துக்குப் போகிறார். தோற்றவருக்கு இன்னொரு சந்தர்ப்பம் உண்டு. மூன்றும் நான்கும் மோதினால் தோற்றவர் அன்றிரவே மூட்டை கட்ட வேண்டியதுதான். பெரிய மனிதருக்கு ஒரு நியாயம், சிறிய மனிதருக்கு ஒரு நியாயம் என்பது உலகத்தில் புதிதல்லவே!

நான் சொல்ல வந்தது 2024-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி இரவைப் பற்றி. பள்ளிக்கூடம் விடுமுறை. எங்கள் வீட்டுக் கூடத்தில் டெலிவிஷன் பெட்டியை வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தோம். வந்திருந்தவர்களில் முக்கியமானவர் பொன்மலை ரெயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். எழுபத்தைந்து வயது. நான் அவரை மாமா என்பேன். என் பெண் தாத்தா என்பாள். உறவு ஒன்றுமில்லை, அடுத்த வீடு. இன்னொருவர் லால்குடிப் பக்கத்து விவசாயி. நெல்லும் வாழையும் போடுகிறவர். பையனைக் கல்லூரியில் சேர்க்கும் காரியமாக வந்தவரைப் பெரியவர்தான் பிடித்து உட்கார வைத்தார்.

அன்று பெங்களூரில் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆட்டம். கடைசிச் சுற்றில் மூன்று இடங்கள் நிச்சயமாகிவிட்டன, பாக்கி ஒன்று. சென்னைக்கு 14 புள்ளிகள், பெங்களூருக்கு 12. பெங்களூர் கோஷ்டி முதல் எட்டு ஆட்டங்களில் ஏழில் தோற்று, எல்லாராலும் கைகழுவப்பட்டு, அப்புறம் வரிசையாக ஐந்து ஆட்டங்களில் ஜயித்து வந்திருந்தது. அன்றும் ஜயித்தால் இரு தரப்பும் 14. அப்போது ஓவருக்கு எத்தனை ரன் எடுத்தார்கள், எத்தனை கொடுத்தார்கள் என்று கூட்டிக் கழித்து, அதில் யார் ஒரு மயிரிழை மேல் என்று பார்ப்பார்கள். நான் கணக்கு வாத்தியார் என்பதனால் அந்தப் பாரம் முழுதும் என் தலையில் விழுந்தது.

பெங்களூர் முதலில் மட்டை பிடித்தது. மூன்று ஓவர் முடிந்ததும் மழை.

"பெய்யட்டும், பெய்யட்டும்! ஆட்டம் நின்றால் ஆளுக்கு ஒரு புள்ளி. நமக்குப் பதினைந்து. கதை முடிந்தது!" என்று பெரியவர் கை தட்டினார்.

விவசாயி திரையையே பார்த்துக் கொண்டிருந்தார். "பெங்களூரிலே பெய்தால் நமக்கு இரட்டை லாபம், ஐயா. ஆட்டமும் கிடைக்கும், ஆற்றிலே தண்ணீரும் வரும்" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அந்த மே மாதத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து பார்த்தால் காவிரியில் மணல்தான் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு வாத்தியார் புத்தி போகுமா? பெங்களூரில் பெய்யும் மழையில் ஒரு பாகந்தான் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கு வரும், மற்றொரு பாகம் தென்பெண்ணைக்குப் போய்விடும், மேட்டூர் நிறைய வேண்டுமானால் குடகிலும் வயநாட்டிலும் பெய்ய வேண்டும் என்று பூகோள பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக் கொண்டார். பிறகு, "அந்த ஊர்க்காரர்களும் குடிக்கிறது காவிரித் தண்ணீர்தானே, ஸார்? மார்ச்சு மாதம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்களாமே, பாவம்!" என்றார். உண்மைதான். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து குழாய் வழியே காவிரியை ஏற்றித்தான் அந்த நகரம் தாகம் தீர்த்துக் கொள்கிறது.

இவருக்கும் எனக்கும் இந்த விஷயத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. 2018-ம் வருஷம் பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.ஸி. தண்ணீர் என்று தீர்ப்பளித்து, ஆறு வாரத்துக்குள் ஏற்பாடு செய்யச் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. ஏப்ரல் 10-ந் தேதி சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்தபோது வெளியே கிளர்ச்சி; உள்ளே மைதானத்தில் செருப்பு வந்து விழுந்தது. சென்னை கோஷ்டியின் பாக்கி உள்ளூர் ஆட்டங்களைப் புனாவுக்கு மாற்றிவிட்டார்கள். ரசிகர்கள் தனி ரெயில் ஏறிப் புனாவுக்குப் போனார்கள். கிரிக்கெட்டை விரட்டியதனால் ஒரு சொட்டுத் தண்ணீராவது வந்ததா என்று அப்போது நான் இவரைக் கேட்டேன். "தண்ணீர் வரவில்லை, ஸார். ஆனால் டில்லியிலே எங்களைப் பற்றிப் பேசினார்கள்" என்றார். அந்த வருஷம் சென்னை கோப்பையை ஜயித்ததுகூட இவருக்குத் தெரியாது, டெலிவிஷனைத் திறக்கவேயில்லை. ஜூன் மாதம் காவிரி ஆணையம் அமைந்தது. எங்கள் வழக்கு மட்டும் தீரவில்லை. அவர் சொன்னதற்கு இன்றுவரை எனக்குச் சரியான பதில் அகப்படவில்லை என்பதை ஒப்புக் கொள்கிறேன்.

மழை நின்றது. அந்த மைதானத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சி இழுக்க யந்திரம் வைத்திருக்கிறார்கள். சிறிது நேரத்தில் ஆட்டம் மறுபடி ஆரம்பம். பெங்களூர் 218 ரன் குவித்தது. நான் காகிதத்தில் கணக்குப் போட்டு, "ஜயிக்க 219 வேண்டும். ஆனால் 201 எடுத்தாலே கடைசிச் சுற்றுக்குப் போய்விடலாம். பதினேழு ரன்னில் தோற்றால் உள்ளே, பதினெட்டு ரன்னில் தோற்றால் வெளியே" என்று அறிவித்தேன்.

"தோற்றாலும் போதும் என்கிறீர்களா?" என்று விவசாயி ஆச்சரியப்பட்டார். "நாங்கள் பயிர் இன்ஷூரன்ஸுக்கு எழுதிக் கொடுக்கிற மாதிரி அல்லவா இருக்கிறது!"

இந்தச் சமயத்தில்தான் என் பெண் கூடத்துக்கு வந்தாள். சிவப்புச் சட்டை. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறவள். அந்த மார்ச்சு மாதம் பெண்களுக்கான பந்தயத்தில் ஸ்மிருதி மந்தானாவின் தலைமையில் பெங்களூர் கோப்பையை ஜயித்த நாளிலிருந்து அவள் கட்சி மாறிவிட்டாள்.

"குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக்காம்பு!" என்றார் பெரியவர்.

"தாத்தா, உங்கள் சென்னைக் கட்சியில் இன்றைக்கு ஆடுகிறவர்களில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரைக் காட்டுங்கள், பார்க்கலாம்!"

பெரியவர் வாயைத் திறந்தார், மூடிக் கொண்டார். தலைவர் ருதுராஜ் புனாக்காரர். தோனி ராஞ்சி. ஜடேஜா சௌராஷ்டிரம். மூவர் நியூஸிலாந்து, ஒருவர் இலங்கை. தேடித் தேடிப் பார்த்தும் தமிழ்நாட்டார் ஒருவர்கூட அகப்படவில்லை. "எதிர்க் கட்சியிலே தினேஷ் கார்த்திக் இருக்கிறார். சென்னைக்காரர்" என்று அவள் முடித்தாள்.

இது சிரித்துத் தள்ளக் கூடிய கேள்வியல்ல. ஒரு கட்சியை நம்முடையது என்று சொல்ல எது ஆதாரம்? ஒரு காலத்தில் பம்பாயில் ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்ஸிகள், ஐரோப்பியர் என்று மதத்துக்கும் ஜாதிக்கும் ஒரு கட்சியாக ஆடினார்கள். 1937-ல் மற்றவர்களையும் சேர்த்து ஐந்து கட்சியாக்கினார்கள். கிறிஸ்தவரான விஜய் ஹஸாரே அந்த ஐந்தாவது கட்சிக்காக 1943-ல் ஹிந்துக்களை எதிர்த்து 309 ரன் அடித்தார். கட்சியின் மொத்தமே 387! ஆட்டம் அபாரந்தான். ஆனால் 1940 டிஸம்பரில் ஹிந்து ஜிம்கானாவின் தூது கோஷ்டியிடம் காந்திஜி, கல்லூரிகளும் ஸ்தாபனங்களும் தங்களுக்குள் பந்தயம் ஆடுவது தமக்குப் புரிகிறது, சமூகத்துக்கு ஒரு கட்சி வைப்பது மட்டும் புரியவில்லை என்று சொல்லிவிட்டார். 1946-ல் அந்தப் பந்தயம் நின்றது. அதற்கு மாற்றாக வளர்ந்தது மாகாணத்துக்கு மாகாணம் ஆடும் ரஞ்சிக் கோப்பை. அதன் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. ராம் சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஒரே நாளில் மைசூர் இரண்டு முறையும் சுருண்டது. ஆக, இந்தச் சண்டைக்குத் தொண்ணூறு வயது ஆகிறது. பிறந்த மாகாணத்துக்கு ஆடிய காலம் போய், ஏலத்தில் எடுத்த ஊருக்கு ஆடுகிற காலம் வந்திருக்கிறது. எனக்கு ஏலம் பிடிக்கவில்லை. ஆனால் மதத்தைப் பார்த்துக் கை தட்டுவதைவிட, ராஞ்சிக்காரரைச் சென்னைக்காரராக நினைத்துக் கை தட்டுவது எவ்வளவோ மேல்.

"சரி, தாத்தா! உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஆட்டக்காரர் யார்? வாரத்துக்கு ஒரு தடவை சொல்வீர்களே!" என்றாள் பெண்.

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. 1975 ஜனவரியில் லீவு போட்டு ரெயிலேறிச் சேப்பாக்கத்துக்குப் போன கதை அது. மேற்கிந்தியர்களின் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட்டுகளை வாரிச் சுருட்ட, இந்தியா 190-க்கு அடங்கியது. அதில் 97 ரன் ஒரே மனிதருடையது, கடைசிவரை ஆட்டமிழக்கவில்லை. "விசுவநாத்! அந்தக் கட்டு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"எந்த ஊர், தாத்தா?"

பத்ராவதி. கர்நாடகம்! பெரியவர் வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்தார்.

கடைசி ஓவர் வந்தது. 201-ஐ எட்ட 17 ரன் வேண்டும். பந்து வீச வந்தவர் யஷ் தயாள். முந்திய வருஷம் இதே போன்ற கடைசி ஓவரில் ரிங்கு சிங்கிடம் வரிசையாக ஐந்து ஸிக்ஸர் வாங்கியவர். முதல் பந்தைத் தோனி அடித்த அடியில் அது மைதானத்தைத் தாண்டியே போய்விட்டது. தெருவெல்லாம் ஒரே கூச்சல். பாக்கி ஐந்து பந்தில் 11. ஆனால் பழைய பந்து போனதனால் ஈரமில்லாத வேறொரு பந்து கொடுத்தார்கள். அந்த ஸிக்ஸர்தான் தங்களுக்கு நடந்த பெரிய நன்மை என்று தினேஷ் கார்த்திக் பிற்பாடு வேடிக்கையாகச் சொன்னாராம். அடுத்த பந்து மெதுவாக வந்தது, தோனி தூக்கி அடித்தார், பிடித்துவிட்டார்கள். மிச்சம் நான்கு பந்தில் ஒரே ஒரு ரன். 191.

என் பெண் குதிக்கவில்லை. தாத்தாவைப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கொண்டுதான் கத்தினாள். பெரியவர் செருப்பை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறு நாள் பிரச்னை வேறு விதமாயிற்று. நம் கட்சி போய்விட்டது. இனி யார் பக்கம் நிற்பது? எஞ்சிய நான்கு கட்சியிலும் நம்மவர் இருந்தார்கள். கல்கத்தாவுக்கு வருண் சக்கரவர்த்தி, ஹைதராபாத்துக்கு நடராஜன், ராஜஸ்தானுக்கு அசுவின், பெங்களூருக்குக் கார்த்திக். பெரியவருக்கு ஒரே கொள்கை: பெங்களூரை யார் அடிக்கிறாரோ அவரே நம்மவர். 22-ந் தேதி ராஜஸ்தான் அடித்தது. அசுவின் 19 ரன் கொடுத்து இரண்டு விக்கெட் எடுத்து அன்றைய நாயகரானார். காலையில் பெரியவர் கால் கிலோ பூந்தியோடு வந்தார். பெண் தொடவில்லை. "அடுத்த வருஷம் உன் கட்சி ஜயிக்கட்டும், நானே பூந்தி வாங்கித் தருகிறேன்" என்று பந்தயம் கட்டினார். பதினேழு வருஷமாக ஜயிக்காதவர்கள் என்ற தைரியம்!

விவசாயி டெலிபோனில் தம் கட்சியைத் தெரிவித்தார்: நடராஜன். "சேலம் ஜில்லா, ஸார். மேட்டூர் அணை இருக்கிற ஜில்லாக்காரர் நமக்கு வேண்டியவர் அல்லவா?" 26-ந் தேதி சேப்பாக்கத்தில் சென்னை இல்லாத இறுதி ஆட்டம். ஹைதராபாத் 113-க்குச் சுருண்டது. கல்கத்தா பதினோராவது ஓவரிலேயே முடித்துவிட்டது. மேட்டூரும் அந்த வருஷம் ஜூன் 12-ல் திறக்கவில்லை; ஜூலை 28-ந் தேதிதான் திறந்தார்கள்.

2025-ல் சென்னை பத்தாவது இடத்துக்குப் போயிற்று. குஜராத்துக்காக 759 ரன் அடித்த நம் சாய் சுதர்சனை வைத்துப் பெரியவர் சில நாள் காலந்தள்ளினார். ஜூன் 3-ந் தேதி இரவு பெங்களூர் பஞ்சாபை ஆறு ரன்னில் தோற்கடித்துப் பதினெட்டாவது வருஷத்தில் முதல் தடவையாகக் கோப்பையைப் பெற்றது. இந்தத் தடவை என் பெண் கதவைச் சாத்தவில்லை.

மறு நாள் காலையில் பெரியவர் வரவில்லை. மாலையில்தான் வந்தார். அதற்குள் பெங்களூரிலிருந்து செய்தி வந்துவிட்டது. வெற்றி விழாவுக்காக மைதானத்து வாசலில் கூடிய கூட்டம் நெருக்கி மிதித்து, பதினோரு பேர் இறந்து போனார்கள். டெலிவிஷனில் தெருவெல்லாம் சிதறிக் கிடந்த செருப்புகளைக் காட்டினார்கள். என் பெண் அதே சிவப்புச் சட்டையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

பெரியவர் கையில் பொட்டலம் இருந்தது. அதை வேஷ்டி மடிப்பில் மறைத்துக் கொண்டு என்னிடம் மெல்லக் கேட்டார்: "குழந்தை சாப்பிட்டாளா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கொண்டார். முழங்கால் வலியினால் தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.