அளவுநாடாவில் ஓர் ஆன்டெனா

காத்தோங் வட்டாரத்தில் வீவக வீட்டில் இருக்கும் ஹாம் வானொலி ஆர்வலருக்கு முதல் சிக்கலே இடம்தான். 7 மெகாஹெர்ட்ஸில் பேச ஏறத்தாழ 20 மீட்டர் கம்பி வேண்டும். அடுக்குமாடியில் அதை எங்கே இழுத்துக் கட்டுவது?

ஆனால் சிங்கப்பூருக்கு வேறொரு கொடுப்பினை உண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி30 ஏவிய இந்தோனேசியச் செயற்கைக்கோள் லாப்பான்-ஏ2, நிலநடுக்கோட்டை ஒட்டியே, சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. துருவங்களைத் தாண்டிச் சுற்றும் செயற்கைக்கோள்கள் நாளுக்குச் சில முறையே தலைகாட்டும். இதுவோ சுமார் 14 முறை சிங்கப்பூரைக் கடக்கிறது. 145.880 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் குரலை 435.880-இல் திருப்பி அனுப்பும் கருவி அதில் இருக்கிறது. அது இயக்கப்படும் வேளையில், எளிய வாக்கி-டாக்கி வைத்திருப்பவரின் பேச்சுகூட அண்டை நாடுகளை எட்டும்.

அதைக் கேட்க ஒரு யாகி ஆன்டெனாவை வீட்டிலேயே செய்யலாம். பிவிசி குழாய், தையல்காரர் அல்ல, தச்சர் வைத்திருக்கும் எஃகு அளவுநாடா, கொஞ்சம் கேபிள். தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய சிம் லிம் டவரில் கேபிளும் இணைப்பிகளும் கிடைக்கும். (பழைய ரேடியோக்கள் குவிந்து கிடந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது, இந்தக் கைத்தொழிலுக்குப் பெரிய இழப்பு.)

435 மெகாஹெர்ட்ஸின் அரை அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். ஏறக்குறைய அந்த நீளத்துக்கு நாடாவை வெட்டி, குழாயின் குறுக்கே மூன்று துண்டுகளைப் பொருத்த வேண்டும்: பின்னால் சற்று நீளமானது, நடுவில் கேபிள் சேரும் துண்டு, முன்னால் சற்றுக் குட்டையானது. நடுத்துண்டில் கேபிள் சேரும் இடத்து மஞ்சள் பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த பிறகே ஈயம் ஒட்டும். நாடா வளையும், விட்டால் நிமிரும். எம்ஆர்டியில் பைக்குள் மடக்கி எடுத்துப் போகலாம்.

கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் மேற்கு நோக்கி நின்றால் செயற்கைக்கோள் அங்கிருந்து எழும். நெருங்கி வரும்போது அதன் அலைவெண் சில கிலோஹெர்ட்ஸ் கூடும், விலகும்போது குறையும்; விரல் டயலிலேயே இருக்க வேண்டும். குரல் மங்கினால் மணிக்கட்டைச் சற்றுத் திருப்பினால் போதும், மீண்டும் தெளியும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அது கிழக்கே மறைந்துவிடும்.

ஹாம் வானொலியைப் பொழுதுபோக்கு என்று மட்டும் ஒதுக்க முடியாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்தமானின் தொலைபேசிகள் செயலிழந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம், தம் வானொலி வழியேதான் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார்.

பேச விரும்புகிறவர் தேர்வெழுதி, தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் பெற வேண்டும். அதன்பின் அவருடைய அழைப்புக்குறி 9வி1 என்று தொடங்கும்.